கலைத்துப் போட்டுப் பார்த்தவர்

ஜெயந்தி போய்விட்டார் என்று அவர் கணவர் சேகர் மரக்காணத்திலிருந்து போன் செய்தபோது, அலுவலகத்தில் ஜெயந்தியின் கணினியில் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே அவர் ஓடவிட்டது அது. அதை நிறுத்த, அவரோடு வேலை பார்த்த எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த அஞ்சலியைப் படிக்கிற, அவரோடு பழகிய உங்களுக்கு இது தெரிந்ததுதான். உப்பள வரப்பில் முளைக்கிற உமிரிச் செடி உப்பிலே நின்றும் சாவதில்லை. உப்பு ஏறினால் ஒரு புரதம் அதன் டிஎன்ஏவில் ஏதோ ஓர் இடத்தில் போய் உட்கார்ந்து, வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அந்த இடம், டிஎன்ஏவை எழுதுகிற ஏ, டி, ஜி, சி என்ற நாலு எழுத்துகளில் அமைந்த ஒரு சின்ன வரிசைதான். அந்த மரபணுக்களுக்கு முன்னால் திரும்பத் திரும்ப வருகிற எழுத்துக்கோவை எது என்று கணினியில் தேடுவது எங்கள் வேலை. தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும் என்பதுதான் அதில் தொல்லை.

ஒருமுறை அழகான கோவை ஒன்று சிக்கியது. நான் ஜாங்கிரியே வாங்கி வந்துவிட்டேன். ஜெயந்தி எழுத்துகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து மறுபடி ஓடவிட்டார். அர்த்தமில்லாத அந்தக் குவியலிலும் அதே கோவை வந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"கலைச்சிப் போட்டும் அதே வருதுன்னா, அது செடி சொல்றது இல்லீங்க. நம்ம ஆசை சொல்றது" என்றார். ஜாங்கிரியை மட்டும் அவர் விடவில்லை. சேகருக்கும் எடுத்துக்கொண்டார்.

கடைசிக் கோவை நோய் முற்றிய பிறகு கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கூப்பிட்டார். "இது ஒண்ணு நின்னுட்டா போதுங்க" என்றார். அவர் அப்படி ஆசைப்பட்டு நான் கேட்டதே இல்லை. சொன்ன கையோடு, கலைத்துப் பார்க்கும் புரோகிராமையும் அவரே தட்டிவிட்டார். கலைத்த குவியலில் வராமலிருந்தால்தான் ஒரு கோவை நின்றதாக அர்த்தம்.

அவரைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு நாங்கள் திரும்பியபோது அது ஓடி முடிந்திருந்தது. கலைத்ததிலும் அதே கோவை. அஞ்சலியாக அந்தக் கோவையை அவர் பெயரில் வெளியிட்டுவிடலாமே, யார் கேட்கப்போகிறார்கள் என்றார் எங்களில் ஒருவர். நல்ல மனதோடுதான் சொன்னார். வேண்டாம் என்றேன்.

கருமாதியன்று சேகர் என்னைத் தனியே அழைத்து, "அவ சொன்னது நின்னுதாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று வாய் வரை வந்துவிட்டது.

"இல்லீங்க."

சேகர் உப்பளத்துப் பக்கம் திரும்பினார். "அவளுக்குத் தெரியாம போனதே நல்லதுங்க" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்திருந்தால் அடுத்ததைத் தேட உட்கார்ந்திருப்பார்.

அவர் எழுதிய அந்தப் புரோகிராம் இப்போது என் கணினியில் இருக்கிறது. எது கிடைத்தாலும் முதலில் அதைத்தான் ஓடவிடுகிறேன். ஓடி முடிகிற வரைக்கும், இது ஒன்று நின்றுவிட்டால் போதும் என்று நானும் ஆசைப்படுகிறேன்.