காய்ச்சல் விட்டதும் எழுந்தவள்

ஒரு டம்ளர் டீயை நம்பி, என் மனைவி பிழைத்துவிட்டாள் என்று வல்லத்திலிருந்து அவலூர்பேட்டை வரை உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொன்னவன் நான். படித்தவன் வேறு.

அவள் சபைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள். நான் எந்தச் சாமியையும் கும்பிடாமல் எல்லாச் சாமிகளைப் பற்றியும் பேசக்கூடியவன். சுவிசேஷத்தை அதன் நடைக்காகப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்வேன். அதில் எனக்குப் பிடித்த இடம், தலைமைச் சீடரின் மாமியார் காய்ச்சலில் கிடப்பது. ஆண்டவர் வந்து கையைத் தொடுகிறார். காய்ச்சல் விடுகிறது. அந்த அம்மாள் எழுந்து, வந்தவர்களுக்குப் பரிமாறப் போய்விடுகிறாள். "சாப்பாட்டு நேரமாப் பாத்து சொஸ்தமாக்கியிருக்காரு" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கவைப்பேன்.

அவள் மட்டும் சிரித்ததில்லை. ஒருமுறை, "உங்க தங்கச்சி கல்யாணத்துல எனக்கும் காய்ச்சல்தான். யாரு வந்து தொட்டாங்க? பரிமாறுனேன் இல்ல?" என்றாள்.

அவள் நோயில் படுத்த பிறகு ஒருநாள் பாண்டிச்சேரி டாக்டர், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதக் குடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பூ விற்பவருக்குக்கூடத் தெரியும். நான் திண்டிவனத்தில் காரை நிறுத்தச் சொல்லி, அவளுக்குப் பிடித்த பன்னீர் திராட்சை வாங்கினேன்.

அதன்பிறகு சமையலறை என் வசம் வந்தது. மதியங்களில் அவளுக்குச் சுவிசேஷம் வாசித்துக் காட்டினேன். மாமியார் வரும் பக்கத்தை ஒன்றும் பேசாமல் கடந்தேன்.

"இன்னா, இன்னைக்கு சிரிப்பு வரலியா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சபைப் பெண்கள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். முடிந்ததும் நான் டீ போட எழுந்தேன். "நீங்க உக்காருங்க" என்றாள். திரும்பிப் படுக்கவே என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தட்டில் டம்ளர்களோடு வந்து ஒவ்வொருவருக்கும் தானே கொடுத்தாள்.

கை தொட்டது, எழுந்தாள், பரிமாறினாள். வரிக்கு வரி அப்படியே. எதையும் நம்பாதவன் வாசலில் போய் நின்று அழுதேன். பிறகுதான் அந்தப் போன்கள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவளுடைய அக்கா மட்டும், "அப்படியா தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

புதன்கிழமை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தப் பகுதியைத் திரும்பவும் படித்தேன். மாமியார் எழுந்தாள் என்று இருக்கிறது. அதற்குள் ஏன் எழுந்தாய் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதாக இல்லை. நானும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு சாயங்காலத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவிடம், "அன்னிக்கு ஒரு நாளாவது அவளுக்கு சொகமாச்சுக்கா. நான் பாத்தேன்" என்றேன்.

அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"சொகமெல்லாம் ஆவல தம்பி. 'அவரு போடுற டீயக் குடிச்சா அப்புறம் ஒருத்தரும் ஜெபத்துக்கு வரமாட்டாங்க, அதான் எழுந்தேன்'னு எங்கிட்ட சொன்னா."