பொத்தான் வைத்த புல்லட்

என் அப்பா நாகபூஷணம் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார். அவருடைய புல்லட் என்னைவிட மூத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்து முடித்த பிறகுதான் இட்லிக்கு உட்காருவார். போன வருடம் வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு கிக்கரை உதைக்க முடியவில்லை. ஓடாமல் நின்றால் வண்டி கெட்டுவிடும் என்பதற்காகவே விற்கச் சம்மதித்தார்.

கேட்டு வந்தவர்களை ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினார். சைலன்சரை மாற்றப்போவதாகச் சொன்னவருக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. திருப்பதியிலிருந்து வந்த சுதீர் மட்டும், ஓட்டிப் பார்க்கும் முன் கீழே குந்தி ஆயில் ஒழுகியிருக்கிறதா என்று தரையைப் பார்த்தார்.

"இவனுக்குக் குடுக்கலாம்" என்றார் அப்பா என் காதருகே.

வாங்கிப்போன சில வாரம் கழித்து சுதீர் அந்த வண்டியிலேயே எங்கள் வீட்டுக்கு வந்தார். டாங்கில் முகம் தெரிந்தது. கைப்பிடி அருகே புதிதாக ஒரு சிவப்புப் பொத்தான்.

"இது இன்னாப்பா?" என்று அவரைக் கேட்டார் அப்பா.

"செல்ஃப் ஸ்டார்ட், அங்கிள். பழைய வண்டிக்கும் மாட்டலாம். நொக்கண்டி, அமுக்கிப் பாருங்க" என்றார் சுதீர், தெலுங்கும் தமிழுமாக.

அப்பா அமுக்கினார். உடனே ஸ்டார்ட் ஆனது. நாங்கள் சிரித்தோம். அப்பா வண்டியை அணைத்தார்.

"இத்த முன்னாடியே மாட்டியிருக்கலாமா?"

"ஓ! எப்பவோ வந்துடுச்சே" என்ற சுதீர், அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கால் வராததாலதான் வித்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே" என்றாள் அம்மா. "மெக்கானிக்காண்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"உதைக்கிற வண்டிய உதைச்சிதான எடுக்கணும்? இன்னாத்த கேக்கறது?"

அப்பாவுக்குக் கோபமா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. பொத்தான்மேல் விரலை வைத்தார், எடுத்தார்.

"வண்டிய கெடுத்துட்டியேப்பா" என்றார். உடனே, "நல்லாதான் பண்ணிகீற" என்றார்.

சுதீர் தயங்கினார். "அங்கிள், வேணும்னா நீங்களே திரும்பி எடுத்துக்கங்க."

சொன்னாரே தவிர, அவர் கை டாங்கைவிட்டு நகரவில்லை. அப்பா அந்தக் கையையே பார்த்தார்.

"வேணாம். எடுத்துக்கினு போ. இனிமே இத்த இங்க கொண்டாராத."

சுதீர் கிளம்பித் தெருமுனையை அடைவதற்குள் அப்பா நொண்டிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.

"சுதீரு! செயின் சத்தம் போடுது! அடுத்த வாரம் கொண்டா, டைட் பண்ணிடலாம்!"

"இப்பதான கொண்டாராதன்னே?" என்றாள் அம்மா.

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் அப்பா.