அப்பாவுக்குப் போட்ட இலை

ஓவியக் கல்லூரியில் ஸ்டில் லைஃப், அதாவது சாமான்களை அடுக்கிவைத்து வரைவது என்றால் ஆப்பிள், திராட்சை, ஒரு மது பாட்டில், மடிப்பு விழுந்த துணி. எங்கள் ஊரில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது வாங்குவது. அதை வரைந்து வரைந்து எனக்கே காய்ச்சல் வரும்போல் ஆகிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் சனம் தின்பதையும் புழங்குவதையும் வாழையிலையோடு வைத்து வரைய ஆரம்பித்தேன்.

அதற்காகப் பள்ளிக்கூட வேலையை விட்டேன். அதைச் சொன்ன அன்று அப்பா ரெட்டிபாளையத்தில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் இலையை எதிர்ப்பக்கமாக மூடிவிட்டு எழுந்தார். சாவு வீட்டில்தான் அப்படி மூடுவார்கள். உறவு வேண்டுமென்றால் நம் பக்கமாக மூட வேண்டும். தன் வீட்டுக்கு, கல்லங்குறிச்சிக்குப் போனவர் அப்புறம் என் வாசலை மிதிக்கவில்லை. எனக்கும் வீம்பு. ஆனால் யாருக்கு இலை போட்டாலும் எந்தப் பக்கமாக மூடுகிறார் என்றே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவரை வரைய ஆசை. ஆள் உட்கார மாட்டார், சாமான்களாவது உட்காரட்டும் என்று சிமெண்ட் ஆலையில் அவர் போட்டிருந்த ஹெல்மெட், துண்டு, பழைய மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். சுவரோரம் அடுக்கி, முன்னால் இலை போட்டு, சோறு, கருவாட்டுக் குழம்பு, உளுந்து வடை வைத்தேன். தூசிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியதில் வெளிச்சம் போதவில்லை. குத்துவிளக்கை ஏற்றினேன்.

பாதி வரைந்திருப்பேன். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"அய்யய்யோ! அப்பா போயிட்டாரா? ஒரு வார்த்த சொல்லலையேடி பாவி மவளே!"

நான் தூரிகையோடு எழுவதற்குள் தெருவில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. செத்தவருக்குப் பிடித்ததை இலையில் வைத்து விளக்கேற்றிப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது எனக்குத் தெரியாதா? தெரியும். வரைய உட்கார்ந்துவிட்டால் எது ஞாபகம் இருக்கிறது!

கொஞ்ச நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. தூரத்து மாமா ஒருவர் மாலையோடு வந்தார். "அப்பா நல்லா இருக்காருங்க, இது படம் வரையறதுக்கு" என்று நான் சொல்லச் சொல்ல, துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று தலையைத் தடவிக் கொடுத்தார்கள்.

வாசலில் ஒரு வண்டி நின்றது. அப்பா இறங்கி வந்தார்.

"நான் செத்துட்டேன்னு எனக்கே போன் பண்ணி சொல்றாங்க. அதான் பார்த்துட்டுப் போவலாம்னு வந்தேன்."

மாமா மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அப்பா ஹெல்மெட்டைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். "இலை யாருக்கு?"

"உங்களுக்குத்தாம்பா."

"அப்புறம் ஏன் ஆறிப்போவ விட்ட?"

விளக்கை ஓரமாக நகர்த்திவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் வடை போயிற்று. என் பாதி ஓவியம் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. "கொழம்புல புளி தூக்கல்" என்றார். துக்கத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் அவர் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது.

முடித்ததும் இலையைத் தன் பக்கமாக மூடினார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அக்கா குனிந்து இலையை எடுக்கப் போனார்.

"எடுக்காதீங்கக்கா!" என்று கத்தினேன். ஒப்பாரியைவிடச் சத்தமாகத்தான் இருந்திருக்கும்.

கை கழுவிவிட்டு வந்த அப்பா கேட்டார். "எச்சி இலையையா வரையப் போற?"

"ஆமாம்பா."

"கிறுக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்சம் நின்றார்.

"முடிஞ்சதும் சொல்லு. வந்து பார்க்கறேன்."