தட்டில் பதிந்த விரல்கள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறவள் நான். மைக்ராஸ்கோப்பில் தெரிந்தால்தான் எதையும் நம்புவேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம் லேபில் எனக்கு வேலை. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, அங்கே நடந்தது இதுதான்.

என் தங்கை ஸ்டெல்லா காசிமேட்டுப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். ஐஸ் உடைக்கும் மெஷின் அவளுடைய மோதிர விரலில் பாதியைத் தின்றது, முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காயம் ஆறுவதற்குள் அவளுக்கும், கூட வேலை செய்த சிலருக்கும் டைபாய்டு. அவள் ரத்தம் உறைந்ததும் மேலே தெளிகிற சீரத்தைப் பிரித்து, டைபாய்டு கிருமியோடு கலந்து நானே பார்த்தேன், பால் திரிகிற மாதிரி திரிதிரியாகக் கட்டிக்கொண்டது. அந்தக் கிருமியோடு உடம்பு சண்டை போடுகிறது என்று அர்த்தம். கம்பெனியில் அவர்கள் குடித்த கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கேட்டுப் போனேன். அதற்குள் அந்தப் பாவி முதலாளி மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருந்தான். கிருமி வளர்க்கும் தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை.

“இன்னாமே, ஒன் பூச்சி எங்க கீது? காட்டேன், பாப்போம்,” என்று ஆட்கள் முன்னால் சிரித்தான்.

ஸ்டெல்லா பிழைக்கவில்லை. “அந்தாள வுடமாட்டேன்க்கா” என்பதுதான் அவள் கடைசிப் பேச்சு. சவப்பெட்டியை மூடுமுன் அவள் காதில், “வுடாதடி” என்றேன்.

சில வாரங்களில் அந்த முதலாளியே காய்ச்சலோடு எங்கள் நர்சிங் ஹோமில் வந்து படுத்தான். நான்தான் ரத்தம் எடுத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். ரத்தத்தைச் சத்துநீரில் ஊறவைத்து, கம்பியைத் தீயில் காட்டி, தட்டில் கோடு கோடாக இழுத்து, சூட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். கம்பி போன கோட்டில்தான் கிருமி முளைக்கும். காலையில் திறந்தால் கோட்டில் ஒன்றுமில்லை. யாரோ விரல் நுனிகளால் அழுத்திய மாதிரி நான்கு வட்டங்களாகக் கிருமி முளைத்திருந்தது. மோதிர விரல் இருக்கவேண்டிய இடம் காலி.

“ஏம்மா, தட்டுல கை வச்சியா?” என்று டாக்டர் கத்தினார். என் விரல்கள் ஐந்தும் முழுசு, வைத்திருந்தால் ஐந்துமல்லவா பதியும் என்று கையை விரித்துக் காட்டினேன். மறுபடி செய்யச் சொன்னார்.

அந்த வட்டங்களில் ஒன்றிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஃபிரிட்ஜில் மிச்சமிருந்த ஸ்டெல்லாவின் சீரத்தில் கலந்தேன். ஸ்லைடை ஆட்டக்கூட இல்லை, சட்டென்று கட்டிக்கொண்டது. செத்தும் அவள் ரத்தம் பகையாளியை மறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுபடி ரத்தம் எடுக்கப் போனபோது அவன் கையை நீட்டி அழுதான். “இந்த ஒரு வெரலு மட்டும் ஐஸ் கணக்கா கீதும்மா. யாரோ புட்ச்சி இஸ்துகினே கீறாங்க.”

மோதிர விரல். உடம்பெல்லாம் நெருப்பாகக் கொதிக்க, அது மட்டும் சில்லிட்டிருந்தது. நானே தொட்டுப் பார்த்தேன்.

இரண்டாவது தட்டைத் திறந்த காலையில் அவன் போய்ச் சேர்ந்திருந்தான். இந்த முறை தட்டில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. என் தங்கை வந்தாள், பழி வாங்கினாள், அதில் எனக்குப் பயமில்லை. ஆனால் இன்றைக்கும் யாராவது ஐஸ் போட்ட தம்ளரை நீட்டினால் என் கை பின்வாங்கும். நான்கு வட்டங்கள் ஸ்டெல்லாவின் மெல்லிய விரல்கள். மோதிர விரல் இடத்தில் பதிந்த ஐந்தாவது, தடித்த ஆம்பளை விரல்.