மழை விழுந்தபோது நாங்கள் கடலுக்குள் இருந்தோம்

படகு கரைவரை போகாது என்று படகோட்டி சொன்னபோது அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. தீவு எதிரிலேயே இருந்தது. தென்னை மரங்கள், நாலைந்து அத்தாப்பு ஓலைக் குடிசைகள், கொடியில் காயும் சாரோங் கைலிகூடத் தெரிந்தது. ஆனால் படகின் அடியில் மணல் உரசத் தொடங்கியிருந்தது. "ஆயர் சுரூட்" என்றார் அந்த மலாய்க்காரர். தண்ணீர் வற்றிவிட்டது, இறங்கி நடக்க வேண்டும்.

"வத்திடுச்சா? யாரு தொறந்து விட்டா?" என்று அம்மா அண்ணனைக் கேட்டார்.

அம்மா அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்ப் பக்கத்து ரிங்லெட் அணை ஏரி ஒன்றுதான். அங்கே தண்ணீர் குறைந்தால் யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அண்ணன் சிரிக்கவில்லை. "நிலா இழுக்குதும்மா. சாயங்காலம் திரும்பி வந்துரும்" என்றான். அம்மா அண்ணாந்து பார்த்தார். உச்சி வெயிலில் நிலா எங்கும் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் தோளைப் பிடித்தபடி கடலில் கால் வைத்தார். வைத்ததும் நின்றுவிட்டார்.

"வெந்நீர் மாதிரி இருக்குடி."

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் காலையில் விரலைக் கடிக்கும். தண்ணீர் என்றால் சில்லென்றுதான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு என்று எல்லாரும் சொல்லித் தெரியும். இவ்வளவு உப்பு என்று யாரும் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வரிசையில் எங்கள் வீடு. அம்மா கொழுந்து எடுத்தார். நான் ஃபேக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை பார்த்தேன். அப்பா எங்களோடு வரவில்லை, மாடு கன்று போட்டிருந்தது. அண்ணன் பத்து வருடங்களுக்கு முன்பே சிங்கப்பூருக்குப் போய்விட்டவன். கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து, பிறகு கப்பலுக்கு அடியில் முங்கி வேலை செய்யும் ஆளாக மாறியிருந்தான். அதை வீட்டில் சொல்லவே ஒரு வருடம் எடுத்துக்கொண்டான்.

தீபாவளிக்கு வரும்போதெல்லாம் அம்மா அவனைக் கேட்பார். "அங்க கீழ என்னதான்டா இருக்கு?"

"ஒண்ணும் தெரியாதும்மா. சேறு, இருட்டு. கையால தடவித்தான் வேலை."

உண்மையைத்தான் சொன்னான். ஆனால் அதன்பிறகு அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. கொழுந்துக் கூடையோடு நிற்கும்போது திடீரென்று, "இந்நேரம் அவன் தண்ணிக்குள்ள இருப்பானோ?" என்பார். லீவு கிடைத்தால் அவன் கூட்டாளிகளோடு ஏதோ தீவுக்குப் போய் அங்கேயும் முங்குகிறான் என்று தெரிந்தபோது அம்மாவுக்குக் கவலையைவிட ஆச்சரியம்தான் அதிகம். "வேலைக்கு முங்குறவன் லீவுக்கும் முங்குவானா? அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அண்ணன், "வாங்க, காட்டுறேன்" என்றான். மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கி, கோலாலம்பூர் போய், மெர்சிங்குக்கு பஸ் மாறி, இதோ இங்கே நிற்கிறோம்.

குடிசைக்குள் இரண்டு கட்டிலும் ஒரு கொசுவலையும் இருந்தன. அம்மா பையைத் திறந்து கம்பளியையும் ஸ்வெட்டர்களையும் எடுத்து வைத்தார். படகோட்டிதான் அந்தக் குடிசைகளுக்கும் சொந்தக்காரர். அவர் கம்பளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவை மரியாதையாக "மாச்சிக்" என்று அழைத்து, எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். இதே நாட்டுப் பஹாங் மாநிலம்தான் என்று அம்மா சொன்னதும் அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு.

அன்று மாலையே அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். பெரிய கேஸ் தோம்பு மாதிரி காற்று அடைத்த உருளை ஒன்றை முதுகில் கட்டிவிட்டான். தரையில் அதன் கனம் என்னைப் பின்னால் இழுத்தது. இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டதும் கனம் காணாமல் போனது. அதிலிருந்து வரும் குழாயின் ரப்பரை வாயில் கடித்து, கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தபடி முகத்தை உள்ளே வைத்தேன். மூச்சை இழுக்க உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் தண்ணீருக்குள் போனால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். ஐந்தாறு தடவை தும்மலும் இருமலுமாக எழுந்தேன். பிறகு ஒரு தடவை இழுத்தேன். காற்று வந்தது. வறண்ட, ருசியில்லாத காற்று. சிரிப்பு வந்துவிட்டது, அதனால் தண்ணீரும் வாய்க்குள் வந்துவிட்டது.

மறுநாள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு பவளப் பாறைப் பக்கம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ரொம்ப ஆழமில்லை, இரண்டு ஆள் உயரம். காது அடைக்கும் என்று எச்சரித்தான். "தாப்பா ரோட்டுல பஸ்ஸுல இறங்கறப்ப அடைக்குமே, அதேதான்லா. மூக்கைப் பிடிச்சு ஊது, விட்டுரும்."

அம்மா கரையில் உட்கார்ந்துகொண்டார். போவதற்கு முன் அண்ணன் அவரிடம் சொன்னான்: "தண்ணி மேல கொப்புளம் வரும், பாருங்க. அதுதான் எங்க மூச்சு. அது தெரியற வரைக்கும் நாங்க நல்லா இருக்கோம்."

கீழே போனோம். காது அடைத்தது, ஊதினேன், விட்டது. கண்ணாடிக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்ட மீன்கள் கூட்டமாக வந்து, எங்களை என்னவென்று பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் திரும்பின. ஒரு பாறையில் நீல நிறத்தில் தடித்த உதடு போல ஒன்று திறந்திருந்தது. அண்ணன் அதன் அருகே கையை அசைத்ததும் மெதுவாக மூடிக்கொண்டது. எனக்கு நூறு கேள்வி இருந்தது, வாயில் ரப்பர் இருந்தது. அவன் கையைக் கிள்ளிக் கிள்ளி ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. எங்கள் ஃபேக்டரியில் சல்லடை எல்லாம் சேர்ந்து அதிர்வது போல. அண்ணன் மேலே கை காட்டினான். தலைக்கு மேல் வெள்ளித் தகடாக இருந்த கடல் முழுவதும் குழிகுழியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. மழை. மழையை அடியிலிருந்து பார்க்கிறேன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் அசையாமல் கிடந்து பார்த்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஏறி வந்து தலையை வெளியே நீட்டியபோது அம்மா கரையில் இல்லை. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். சேலை அவரைச் சுற்றி மிதந்தது. படகோட்டி அவருடைய கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "ஜாஙான், மாச்சிக், ஜாஙான்" என்று வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அண்ணன் அவ்வளவு வேகமாக நீந்தி நான் பார்த்ததில்லை.

"மழை பெஞ்சதுல கொப்புளம் தெரியலடா" என்றார் அம்மா. அழவில்லை. குரல் மட்டும் மெலிந்திருந்தது. "கடல் பூராவும் கொப்புளமாத்தான் இருந்துச்சு. எது உங்க மூச்சு, எது மழைன்னு தெரியல."

 அண்ணன் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மழையிலேயே நின்றான். பிறகு, "நான் இந்த வேலைய விட்டுர்றேம்மா" என்றான்.

"நான் அதுக்கா வந்தேன்? பாக்கணும்னுதானே வந்தேன். நீ அவளுக்கு மட்டும் காட்டிட்டு வர்ற."

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. என் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, அவருடைய நரைமுடியை ஒதுக்கிக் கட்டிவிட்டான். மூச்சு விடும் வளைந்த குழாயைக் கடிக்கச் சொன்னான். அதற்குள் மழை விட்டிருந்தது. ஆழமில்லாத பாறை ஒன்றின் பக்கம் அவரை மிதக்கவிட்டு, வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டான். நான் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் கால்கள் என் கைக்குள் விறைத்தன. பிறகு ஒரு கட்டத்தில் தளர்ந்தன. ஒரு கை மட்டும் தண்ணீருக்குள் நீண்டு, எதையோ சுட்டிக் காட்டி, பின் வேறு எதையோ காட்டியது. எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்தும் அவர் முகத்தைத் தூக்கவில்லை. படகோட்டி தண்ணீரில் நின்றபடியே, மாச்சிக் தூங்கிவிட்டாரா என்று கேட்டார்.

அண்ணன் அந்த வேலையை விடவில்லை, இன்னும் சில வருடங்கள் பார்த்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவனாகவே கரையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டான். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அன்று மாலை குடிசை வாசலில் ஈரத் தலையோடு உட்கார்ந்து அவர் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

"நான் பாத்த கல்லுலயும் ஒரு நீல உதடு இருந்துச்சே, கை நீட்டினதும் மூடிக்கிச்சு. அது உசுருள்ளதா?"

"ஆமாம்மா. சிப்பி. பெரிய சாதி."

"அது வாயை மூடிக்கிட்டா எப்படி மூச்சு விடும்?"

  அண்ணன் பக்கத்தில் மீன் சுட்டுக்கொண்டிருந்த படகோட்டியிடம் மலாயில் கேட்டான். அவர் விசிறுவதை நிறுத்திவிட்டு, இத்தனை வருடத்தில் தன்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். உள்ளே கொஞ்சம் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும் என்பது அவருடைய கணிப்பு. இல்லை, சும்மா மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்றான் அண்ணன். அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, இரண்டும் சரியாகப் படவில்லை என்றார். காலையில் போய் அது மூடியபின் எவ்வளவு நேரத்தில் திறக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று முடிவானது.