முதல் இரண்டு சொற்கள்

ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருடம் நான் சுவிஸில் ஓல்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஓர் அறையில் வேறொரு சண்டை முடியாமல் நடந்துகொண்டிருந்தது.

அந்த அறையில் ஒரு வயதான தம்பதி. கணவர் புரட்டஸ்தாந்து, மனைவி கத்தோலிக்கர். சைவக்காரியான எனக்கு இரண்டு பேரும் வேதக்காரர், ஒரே கிறிஸ்தவர்தான். அவர்களிடம் அப்படிச் சொல்லிப் பார்த்திருந்தால் என் வேலை போயிருக்கும்.

பின்னேரச் சாப்பாட்டுக்கு முன் இருவரும் ஒரே ஜெபத்தைத்தான் ஜெர்மன் மொழியில் சொல்வார்கள். கிழவர் "உன்சர் ஃபாட்டர்" என்று தொடங்குவார், எங்கள் தந்தையே என்று. இங்கத்தைக் கத்தோலிக்கருக்கு அது "ஃபாட்டர் உன்சர்", தந்தையே எங்கள். வித்தியாசம் அவ்வளவுதான். மூன்றாவது சொல்லிலிருந்து இருவரும் ஒழுங்காகச் சேர்ந்து போவார்கள். ஆனால் முதல் இரண்டைத் தாண்டுவதற்குள் சூப் ஆறிவிடும்.

அந்த அம்மாவுக்கு மறதி நோய். கணவரைப் பார்த்து, "நீங்கள் ஆர்?" என்று மரியாதையாகக் கேட்பார். "உன்சர் ஃபாட்டர்" காதில் விழுந்ததும் மட்டும் நிமிர்ந்து, மேசையில் தட்டி, "ஃபாட்டர் உன்சர். எத்தினை தரம் சொல்லுறது உங்களுக்கு?" என்பார். அந்த ஒரு நிமிடம் அசல் பெண்சாதி.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "ரெண்டு சொல்லுக்கோ சண்டை?"

"எங்கட கோயில் தலைவர் பதவிக்கு ரெண்டு பகுதி நிக்குதே, அதைவிடவோ?" என்றேன். அதில் ஒரு பகுதி அவர் என்பதால் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

கிழவர் சொன்ன பழைய கதை இன்னும் மோசம். அவர்கள் கிராமத்தில் கத்தோலிக்கர் ஊர்வலம் போகிற பெருநாள் பார்த்துப் புரட்டஸ்தாந்துக்காரர் வயலுக்கு மாட்டெரு போடுவார்களாம். புரட்டஸ்தாந்துக்காரருக்கு ஆகப் பெரிய நாளான பெரிய வெள்ளியன்று கத்தோலிக்கர் உடுப்புத் தோய்த்து எல்லோர் கண்ணிலும் படும்படி காயப்போடுவார்களாம். இவர்களுடைய கல்யாணத்துக்கு இரண்டு தகப்பன்மாரும் வரவில்லை. பேரப்பிள்ளை பிறந்த பிறகு ஒரே மேசையில் இருந்து சீட்டு விளையாடத் தொடங்கினார்கள். சமயம் மட்டும் கதைப்பதில்லை.

நானும் ஒருநாள் சமாதானம் செய்யப் புறப்பட்டேன். "ஒருக்கா அவ சொல்லுற மாதிரிச் சொன்னால் என்ன? பிரச்சினை முடிஞ்சிடுமே."

"நான் சரியாச் சொன்னால் அவ என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டா, பிள்ளை" என்றார் கிழவர்.

அதற்குப் பிறகு நான் சூப்பைக் கொஞ்சம் பிந்தியே கொண்டுபோனேன்.

ஒரு மார்கழியில் அவர் வழக்கம்போல "உன்சர் ஃபாட்டர்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். திட்டுக்காகக் காத்திருந்தார். அந்த அம்மா நிமிரவில்லை. கரண்டியைப் பார்த்தபடி, நல்ல பிள்ளையாக, "உன்சர் ஃபாட்டர்" என்று திருப்பிச் சொன்னார். கிழவர் ஜெபத்தைத் தொடரவில்லை. நான் யன்னல் திரையைச் சரிசெய்வதுபோல் திரும்பி நின்று அழுதேன்.

மறுநாள் அவர் "ஃபாட்டர் உன்சர்" என்று தொடங்கினார். நான் பார்த்த பார்வைக்குப் பதிலாகச் சொன்னார்:

"அவவின்ர பக்கத்தை இனி ஆராவது கதைக்க வேணுமே."