போலீஸ் ரகசியத்தை டைப் அடித்த நிருபர்

1. வீடு தேடி வந்த உத்தரவு

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வாரம். புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு பஸ்ஸும் போகவில்லை. நான் கள்ளக்குறிச்சியில் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். பிழைப்புக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்.

போலீஸ் ஸ்டேஷனின் தமிழ் டைப் மெஷின் அன்றைக்குப் பார்த்துப் படுத்துவிட்டது. ஸ்டேஷன் ரைட்டர் மூச்சிரைக்க என்னிடம் ஓடி வந்தார்.

"ரொம்ப ரகசியம் சார். நாலு காப்பி வேணும். ஆருகிட்டயும் மூச்சு வுடாதீங்க."

ஊரிலேயே ரகசியத்தைக் கொடுக்கக் கூடாத ஒரே ஆசாமி நான். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தேன்.

மறியலில் கைதான பத்தொன்பது பேரைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோக வழியில்லை. கல்வராயன் மலைமேல் ஒரு பழைய கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். காவலுக்கு நாலே போலீஸ். இதுதான் உத்தரவு. கீழே பெயர்ப் பட்டியல். பெயர்களைப் பத்திரிகைக்கோ குடும்பத்தாருக்கோ சொல்லக் கூடாது என்று கடைசி வரி. நாலாவது காப்பி மங்கல் என்று ரைட்டர் அதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

2. நைனார்பாளையத்து அம்மா

அன்று மத்தியானமே ஒரு பெண் நைனார்பாளையத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரு மறியலப் பாக்கப் போனவருங்க. மூணு நாளா ஆளக் காணோம். செத்துட்டாருன்னு ஊர்ல பேசிக்கினு இருக்காங்க. பேப்பர்காரரு உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்களா?"

பெயரைக் கேட்டேன். பட்டியலில் ஏழாவது ஆள் அவர் புருஷன்தான். உயிரோடு இருக்கிறார், போலீஸ் காவலில் என்று மட்டும் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார். எங்கே என்று கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றேன். இடம் தெரிந்தால் நாலு ஊர் சேர்ந்து மலையேறிவிடும். அந்த நாலு போலீஸ் கதி?

ஆனால் இன்னும் பதினெட்டு வீட்டில் இதே அழுகை. தபாலாபீஸுக்கு ஓடிப் பத்திரிகை ஆபீஸுக்கு டிரங்க் கால் போட்டேன். இடத்தையும் போலீஸ் கணக்கையும் கொடுத்தால் முதல் பக்கம், இல்லாவிட்டால் உள்பக்கம் என்றார் நியூஸ் எடிட்டர். என் செய்தி அதுவரை முதல் பக்கத்தில் வந்ததே இல்லை. உள்பக்கமே போதும் என்று பத்தொன்பது பெயரையும் கத்திக் கத்திப் படித்தேன்.

3. ஜீப் வந்தது

மறுநாள் சின்னசேலம் வரை ரயிலில் வந்த பேப்பர் கட்டு, சைக்கிளில் ஊருக்குள் வந்தது. பின்னாலேயே என்னை அள்ளிப்போக ஜீப். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கையில் பேப்பர் இல்லை, அந்த உத்தரவு இருந்தது. அடியில் பார்த்தேன். செய்தி அடித்து அடித்துப் பழகிய விரல், கையெழுத்துக்கு மேலே தானாகவே 'நமது நிருபர்' என்று போட்டிருந்தது! டி.எஸ்.பி. போனிலேயே அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாராம். ரைட்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குலுங்கினார். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஜெயில் நிச்சயம் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எல்லாந்தான் உங்கையில இருந்துச்சு. எடத்தயும் ஆளு கணக்கயும் இன்னாத்துக்கு வுட்ட?"

"அது வெளிய போனா உங்காளுங்க நாலு பேரு உசுரு சார். பேரு போவலன்னா பத்தொம்பது வூட்ல எழவு."

அவர் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தார். வேட்டி, துண்டு, மாத்திரை என்று மூட்டை கட்டிக்கொண்டு குடும்பங்கள் நின்றன. முதல் ஆளாக நைனார்பாளையத்து அம்மா. யார் கையிலும் கல் இல்லை.

"யோவ் ரைட்டரு, அந்த மூட்டைங்கள வாங்கி ஜீப்ல ஏத்து. எங்க போவுதுன்னு மட்டும் சொல்லாத."

என்னைக் கையைக் காட்டிப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ தாள்கள் 'ரகசியம்' என்ற முத்திரையோடு என் மேஜைக்கு வந்தன. முத்திரையை நான் பார்ப்பதில்லை. வெளியே போனால் யாருக்கு அடி விழும், போகாவிட்டால் எந்த வீட்டில் அழுகை, அதைத்தான் பார்க்கிறேன்.